நான்கு கால்களும் ஒரு கருவியும்: பேராக் தமிழ்ப்பள்ளி வகுப்பறையில் தொழில்நுட்பமும் கூட்டுக் கற்றலும்

முன்னுரை

தமிழ்க் கல்வியில் பட்டம் பயிலும் பயிற்சி ஆசிரியர்கள், கற்பித்தல் பயிற்சிக் காலத்தில் எழுதும் சிந்தனை மீட்சிகளை வாசிப்போர் ஒரு கருத்தை மீண்டும் மீண்டும் எதிர்கொள்வர். தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தியமையால் மாணவர்கள் குழுவாக ஆர்வத்துடன் கற்றனர் என்பதே அக்கருத்து. நாள் பாடத்திட்டத்தில் விரவி வரும் கூறு என்னும் கட்டத்தில் தகவல் தொழில்நுட்பம் இடம்பெறும். நடவடிக்கைப் பகுதியில் குழுப்பணி இடம்பெறும். மீட்சியில் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். எதிர்கால ஆசிரியரின் எழுத்தில் இவை இரட்டைக்கிளவியைப் போல் ஆகிவிட்டன. இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்பது இலக்கணம். இவ்விரண்டையோ பிரித்துப் பார்த்தால்தான் பொருள் விளங்கும் என்பது நம் கருத்து.

இக்கருத்தை ஆராய்வதற்குப் பேராக் மாநிலத்தைக் களமாகக் கொள்கிறோம். மலேசிய மாநிலங்களுள் தமிழ்ப்பள்ளிகள் மிகுதியாக உள்ள மாநிலம் இதுவே. 134 பள்ளிகள் உள்ளன. ஆசிரியர்களை உருவாக்கும் நிலையங்களும் இங்கேயே இருக்கின்றன. 1922இல் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் தஞ்சோங் மாலிமில் உள்ளது. ஆசிரியர் கல்விக் கழகத்தின் ஈப்போ வளாகம் உலு கிந்தாவில் உள்ளது. ஆக, எதிர்கால ஆசிரியர் பயிலும் இடத்திற்கும் அவர் பின்னாளில் கற்பிக்கக்கூடிய தோட்டப்புறப் பள்ளிக்கும் இடையே சில மணி நேரப் பயணமே உண்டு. கருத்தளவிலான தொலைவு அதனினும் பெரிது.

களத்தின் இயல்பு

ரப்பர் மரம் மலாயா மண்ணில் வேரூன்றிய வரலாற்றில் பேராக்கின் குவாலா கங்சாருக்குச் சிறப்பிடம் உண்டு. 1877இல் அங்கு நடப்பட்ட கன்றுகளுக்குப் பின்னர்த் தோட்டங்கள் பெருகின. தோட்டங்களோடு லயங்களும், லயங்களோடு பள்ளிகளும் தோன்றின. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருப்பின் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் கேட்டது பள்ளியை, நல்லாசிரியரை அன்று. கிராணியோ எழுத்தறிந்த தொழிலாளியோ பகுதி நேரமாகப் பாடம் சொன்ன பள்ளிகள் பல. இச்செய்தியைப் பின்னர் வேறொரு காரணத்திற்காக நினைவுகூர வேண்டியிருக்கும்.

1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன; இன்று அவை ஏறத்தாழ 530. தோட்டத் துண்டாடலும், ரப்பருக்குப் பதிலாகச் செம்பனை நடப்பட்டதும், குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்ததும் இதற்குக் காரணங்கள். பேராக்கில் இம்மாற்றம் இரு வேறு வகுப்பறைகளை உருவாக்கியுள்ளது. ஈப்போ நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் மாணவர் நிறைந்த பள்ளிகள் உள்ளன. சுங்கை சிப்புட், பாகான் டத்தோ, தாப்பா போன்ற வட்டாரங்களிலோ லயங்கள் காலியான பின்னும் பள்ளி மட்டும் நிற்கும் இடங்களைக் காணலாம். மாணவர் எண்ணிக்கை 150க்குக் கீழ் இருப்பின் அது குறைந்த மாணவர் பள்ளி எனப்படும். முப்பதுக்கும் கீழ் இறங்குமானால் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே அறையில் அமர்த்தி ஓராசிரியரே கற்பிக்கும் இணைப்பு வகுப்பு முறை வரும். பயிற்சி ஆசிரியரின் சிந்தனை மீட்சி பெரும்பாலும் முதல் வகை வகுப்பறையை மனத்திற்கொண்டே எழுதப்படுகிறது. இரண்டாம் வகை அவருக்குக் குறைபாடாகவே தோன்றுகிறது.

கருவிகள் வந்த வழி

தமிழ்ப்பள்ளி வகுப்பறைக்குள் தொழில்நுட்பம் நுழைந்த வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். 1996இல் தொடங்கிய பல்லூடகப் பெருவழித் திட்டத்தின் கிளையாக விவேகப் பள்ளித் திட்டம் உருவாயிற்று. 1999 தொடங்கி எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் அதற்கு வெள்ளோட்டம் விடப்பட்டது. அதற்கென உருவாக்கப்பட்ட பாட மென்பொருள்கள் மலாய்மொழி, ஆங்கிலம், அறிவியல், கணிதம் ஆகிய நான்கு பாடங்களுக்கு உரியவை. தமிழ்மொழிப் பாடம் அவற்றுள் இல்லை. 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை நடப்புக்கு வந்தபொழுது ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகளும் வகுப்புகளுக்குப் படவீழ்த்திகளும் வழங்கப்பட்டன. தமிழ்ப்பள்ளிக்குப் பேரளவில் கருவிகள் வந்தது அப்பொழுதுதான். அவை வந்ததோ தமிழில் நடவாத பாடங்களுக்காக. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. கருவி மட்டும் பின்தங்கியது. அதைத் தமிழ்ப் பாடத்தில் எங்ஙனம் கையாள்வது என்னும் பயிற்சி பெரிதும் ஆசிரியரின் தன்முயற்சிக்கே விடப்பட்டது.

அடுத்த அலை 1பெஸ்தாரிநெட் திட்டம். 2011இன் இறுதியில் ஒப்பந்தமான இத்திட்டத்தின்கீழ் நாட்டின் பள்ளிகளுக்கு இணைய இணைப்பும் மெய்நிகர் கற்றல் தளமும் வழங்கப்பட்டன. 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, அத்தளத்தை ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் பயன்படுத்திய அளவு 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை எனச் சுட்டியது. 2019இல் திட்டம் முடிவுற்றது. 2020இல் டெலிமா தளம் வந்தது. 2023இல் டிஜிட்டல் கல்விக் கொள்கை வெளியாயிற்று. இடையில் 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. அவ்வாண்டில் ஏறத்தாழ 9 இலட்சம் மாணவரிடையே கல்வி அமைச்சு மேற்கொண்ட கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டினரிடம் எவ்விதச் சாதனமும் இல்லை எனத் தெரிய வந்தது. தோட்டப்புறத்திலும் தாமான்களிலும், வேலைக்குச் சென்ற தந்தையோ தாயோ மாலையில் திறன்பேசியுடன் திரும்பிய பிறகே புலனத்தில் வந்த பாடத்தைப் பிள்ளைகள் பார்க்க முடிந்த வீடுகள் இருந்தன.

இவ்வரலாற்றை நாம் குற்றப்பத்திரிகையாக அடுக்கவில்லை. பெரும்பாலான தமிழ்ப்பள்ளிகள் பகுதி உதவி பெறுபவை. நிலம் தோட்டத்துக்கோ தனியாருக்கோ உரியதாக இருக்கையில் கட்டடத்தைப் புதுப்பிப்பதற்கும் கம்பி இழுப்பதற்கும் தடைகள் உண்டு என்பதை அனைவரும் அறிவர். நாம் சுட்ட விரும்புவது வேறு. இத்தனை அலைகளிலும் கருவியின் முதன்மைப் பணி ஒன்றாகவே இருந்தது: ஆசிரியர் கூறுவதை, அல்லது அவருக்குப் பதிலாக வேறொருவர் கூறுவதை, மாணவரிடம் கொண்டு சேர்ப்பது. படவீழ்த்தி ஒளிரும் கரும்பலகையாயிற்று. காணொலி ஓய்வறியாத ஆசிரியராயிற்று. இதனைக் கூட்டுக் கற்றல் என எங்ஙனம் அழைப்பது?

நன்னூலின் கணக்கு

இவ்வினாவுக்கு விடை காண நமக்கு அருகிலேயே ஓர் அளவுகோல் உண்டு. பவணந்தியாரின் நன்னூல், பொதுப்பாயிரத்தில் பாடங்கேட்டலின் வரலாற்றை உரைக்கும் பகுதி தமிழாசிரியர் யாவரும் பயின்றதே. ஒருமுறை கேட்ட பாடத்தை இருமுறை கேட்டால் பிழைபாடு பெரிதும் நீங்கும். மும்முறை கேட்டால் முறையறிந்து உரைக்கும் ஆற்றல் வரும் என்கிறார். அடுத்து ஒரு திருப்பம். ஆசிரியர் உரைத்ததை முழுவதும் உள்வாங்கினாலும் கல்வியில் கால் பங்கே கைவரும். உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால். எஞ்சிய இரு கால்கள், அதாவது பாதி, கற்றதைப் பிறர்க்கு விரித்துரைப்பதால் வருவன.

இதைக் காட்டி, இன்றைய கல்வியியல் கூறுவன யாவும் எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே நம்மிடம் இருந்தன என்று பெருமை பேசுவது நம் நோக்கமன்று. அத்தகைய பேச்சு நம் மேடைகளில் மிகுதி. பவணந்தியார் மனத்திற்கொண்ட மாணாக்கன் இலக்கணம் பயிலும் இளைஞன். ஏழு வயதுச் சிறுவன் அல்லன். ஆயினும் அவர் வகுத்த பங்கீடு, கருவியை மதிப்பிடக் கூர்மையான அளவுகோலாக அமைகிறது. பதிவு செய்யப்பட்ட பாடம் இருமுறையும் மும்முறையும் கேட்கும் வாய்ப்பைத் தருகிறது. இது சிறு பயனன்று. தயங்கித் தயங்கிக் கற்கும் மாணவனுக்கு எரிச்சலுறாத ஆசிரியர் ஒருவர் கிடைத்தார் எனலாம். எனினும் எத்துணை முறை கேட்டாலும் அது முதற்காலைச் சார்ந்ததே. கருவிகளுக்காக நாம் செலவிட்டவற்றுள் பெரும்பகுதி இந்த ஒரு காலுக்கே சென்றது. மீதி மூன்று கால்களுக்கும் பயிற்சி ஆசிரியரின் பாடத்திட்டத்தில் கிடைப்பது, குழுவில் கலந்துரையாடுதல் என்னும் ஒற்றை வரி.

குழு என்பது மேசைகளைச் சேர்த்துப் போடுவதால் உருவாவதன்று. 21ஆம் நூற்றாண்டுக் கற்றல் என்ற பெயரில் மேசைகள் சேர்க்கப்பட்டு, மஞ்சள் தாளில் சிந்தனை வரைபடம் வரையப்பட்டு, சுவரில் ஒட்டப்படுகிறது. நால்வரில் ஒருவர் எழுத மூவர் பார்த்திருப்பதும் நிகழ்கிறது. அமெரிக்கக் கல்வியியலாளர் ஜான்சன் உடன்பிறப்புகள் கூட்டுக் கற்றலுக்கு வகுத்த அடிப்படைகளுள் இரண்டை நாம் பெரிதும் மறந்துவிடுகிறோம். ஒருவர் கற்றாலன்றி மற்றவர் வெல்ல முடியாதவாறு பணி அமைதல் ஒன்று. ஒவ்வொருவரும் தம் பங்குக்குத் தனித்தனியே விடைகூற வேண்டியவராதல் மற்றொன்று. எலியட் ஆரன்சன் 1971இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் உருவாக்கிய புதிர்வெட்டு முறையும் இதனையே செய்தது. பாடத்தின் ஒரு துண்டு ஒரு மாணவரிடம் மட்டுமே இருக்கும். அவர் விரித்துரைத்தாலன்றிப் பிறர்க்கு அது கிட்டாது. இனப்பிரிவினை நீங்கிய வகுப்பறையில் பகை தணிப்பதற்காக எழுந்த முறை அது.

சுங்கை சிப்புட் மக்களுக்கு இக்கொள்கையை விளக்க டெக்சாஸ் வரை செல்ல வேண்டியதில்லை எனவும் தோன்றுகிறது. அவ்வூரைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குத் தொகையால், துண்டாடப்படவிருந்த தோட்டங்கள் வாங்கப்பட்டன. பங்கு சிறிதாயினும் அது அவரவர் பெயரில் இருந்தது. கூட்டுறவு வேறு, கூட்டுக் கற்றல் வேறு. சொல்லொற்றுமையை வைத்து வாதத்தை நீட்டுவது முறையன்று. தம் பெயரில் பங்கில்லாத ஒருவர் குழுவின் உறுப்பினர் ஆகார் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறோம்.

இணைப்பு வகுப்பு என்னும் பாடம்

இனி, குறைபாடு எனக் கருதப்படும் இணைப்பு வகுப்புக்கு வருவோம். நான்காம் ஆண்டு மாணவர் ஐவரும் ஐந்தாம் ஆண்டு மாணவர் நால்வரும் ஒரே அறையில் அமர்ந்திருக்கையில், ஆசிரியர் ஒரு சாராருக்கு விளக்கும்பொழுது மறுசாரார் தாமாக இயங்க வேண்டும். மூத்தவர் இளையவருக்குச் சொல்லித்தருவது அங்கே தேவையாகி விடுகிறது. இளையவர் அடுத்த ஆண்டின் பாடத்தைக் காதோரமாய்க் கேட்டு வைக்கிறார். மூத்தவர் சென்ற ஆண்டின் பாடத்தைச் சொல்லித்தந்து உறுதிப்படுத்திக்கொள்கிறார். பவணந்தியார் கூறிய பிற்பாதி இங்குப் பாடத்திட்டத்தில் எழுதப்படாமலே நிகழ வாய்ப்புண்டு.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை முறையும் இத்தகையதே. சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் பிள்ளைகள் காப்பகத்தில் 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரு பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு, சிறுவரைக் கொண்டே சிறுவருக்குக் கற்பிக்கும் முறையை அங்கு அமைத்தார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட அறிக்கையின் வழி அது சென்னை முறை என்னும் பெயரால் உலகெங்கும் பரவியது. பரவியமைக்குக் கற்றல் நலம் மட்டும் காரணமன்று. செலவுச் சிக்கனமும் காரணம். ஓர் ஆசிரியரின் ஊதியத்தில் நூற்றுக்கணக்கானோரை நடத்தலாம் என்பது அன்றைய ஆட்சியாளருக்கு இனித்தது. கிராணி பாடம் சொன்ன தோட்டப் பள்ளியை இங்கே நினைவுகூர்கிறோம். கூட்டுக் கற்றலைப் போற்றும் எவரும், அது ஆசிரியரைக் குறைப்பதற்கான சாக்காக மாறிவிடாமல் காக்கும் கடமையும் உடையவர். சிறுபள்ளிகளைப் பற்றி நாம் எழுதும் நல்ல சொற்களும், அவற்றுக்கு ஆசிரியர் அனுப்பாதிருப்பதற்கு மேற்கோளாகப் பயன்படக்கூடும்.

இவ்வையத்திற்குத் தொடர்புடைய ஆய்வொன்று தமிழ்ச் சூழலிலேயே நிகழ்ந்துள்ளது. 1999இல் தில்லியின் கல்காஜிப் பகுதியில் சுவரில் பதித்த கணினியைச் சிறுவர்முன் வைத்த சுகதா மித்ரா, பின்னர்ப் புதுச்சேரியின் காளிகுப்பத்தில் தமிழ் பேசும் சிறுவர்களிடம் ஆங்கிலத்தில் அமைந்த மரபணு அறிவியல் பாடங்களைக் கணினியில் தந்து பார்த்தார். ஆசிரியர் இன்றிக் குழுவாகப் பயின்ற அவர்கள் சில மாதங்களில் தேர்வில் 30 விழுக்காட்டளவு பெற்றனர். பாடம் அறியாத, ஆயினும் அவர்களோடு பழகி ஊக்கமூட்டிய இளம்பெண் ஒருவர் துணைநின்றபின் அது 50 விழுக்காட்டளவாக உயர்ந்தது என 2010இல் வெளியான கட்டுரை கூறுகிறது. சிறு எண்ணிக்கையிலான சிறுவரைக் கொண்ட ஆய்வு இது. இதனை வைத்துப் பெரு முடிவுகள் கட்டுவதை ஆய்வாளர் பலர் மறுத்துள்ளனர். அம்மறுப்பு நியாயமானதே. ஆசிரியர் தேவையில்லை என்பதற்கு இதனைச் சான்றாக்குவோர் இரண்டாவது எண்ணை வாசிக்க மறந்துவிடுகின்றனர். அருகிலிருந்து கேட்கும் ஒரு மனிதர் வந்த பிறகே அவ்வுயர்வு நேர்ந்தது. நம் நோக்கில் மற்றொன்றும் கவனத்திற்குரியது: அங்கே தலைக்கொரு கருவி இல்லை. கருவி குறைவாக இருந்தமையே சிறுவரைப் பேச வைத்தது.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ம. ப. விஜயகுமார் முன்னெடுத்துப் பின்னர் மாநிலம் முழுவதும் விரிந்த செயல்வழிக் கற்றலோ, மின்சாரமே வேண்டாத அட்டைகளைக் கொண்டு பல வகுப்பு மாணவரை ஒரே அறையில் பயிலச் செய்தது. அதன் நிறைகுறைகள் தனிக் கட்டுரைக்குரியவை.

தட்டச்சுப் பலகையின் முன்

கருவியைக் குழுவினர் பகிரும்பொழுது தமிழ்ப்பாடத்திற்கே உரிய ஒரு சிக்கல் எழுகிறது. பொதுவான கல்வியியல் நூல்கள் இதனைக் கூறுவதில்லை. பயிற்சி ஆசிரியரின் மீட்சியிலும் இது அரிதாகவே காணப்படுகிறது. நால்வர் கொண்ட குழு ஒன்று ஒரு மடிக்கணினியில் தமிழில் எழுத வேண்டும். யார் தட்டச்சு செய்வது? தட்டத் தெரிந்தவரே. தட்டுபவரே சொற்களைத் தேர்வார். பிறர் அவருக்குப் பின்னால் நிற்பர். தமிழ்த் திறன் மிக்க மாணவி ஒருவர் தட்டச்சு அறியாமையால் குழுவில் வாயடைத்துப்போக, இணைய விளையாட்டில் விரல் பழகிய மாணவர் கட்டுரையாசிரியர் ஆகிவிடுகிறார்.

உள்ளீட்டு முறையும் இதில் பங்கு வகிக்கிறது. நம் நாட்டவராகிய முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் தமிழ்க் கணிமைக்கு ஆற்றிய தொண்டு பெரிது. 2005இல் வெளியான செல்லினம் தமிழைக் கைப்பேசிக்குக் கொண்டு வந்தது. உரோமன் எழுத்தின் ஒலியைக் கொண்டு தட்டும் அஞ்சல் முறை, ஆங்கிலம் பழகிய பெரியவருக்கு எளிதாயிற்று. எழுத்துக் கூட்டிப் பயிலும் இரண்டாம் ஆண்டு மாணவருக்கு அது நேர்மாறான விளைவைத் தரும். அம்மா என்னும் சொல்லை எழுத அவர் முதலில் உரோமன் எழுத்துகளை நினைவுகொள்ள வேண்டும். லகர ளகர வேறுபாட்டை ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்துமாக மனத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

1999இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்யெழுத்துகள் வலக்கையிலும் அமைந்துள்ளன. ககரத்தை இருமுறை தட்டினால் முன்னதன்மேல் புள்ளி தானே விழுகிறது. ஙகரத்தை அடுத்துக் ககரமோ ஞகரத்தை அடுத்துச் சகரமோ ணகரத்தை அடுத்து டகரமோ தட்டினாலும் அவ்வாறே. வல்லினம் ஆறுக்கும் மெல்லினம் ஆறு இனவெழுத்துகளாகும் என நாம் வகுப்பில் சொல்லும் இலக்கணம் அப்பலகையினுள் செயலாக இயங்குகிறது. மாணவர் ஒருவர் வலப்பலகையையும் மற்றொருவர் இடப்பலகையையும் ஆள, மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் பிறப்பதை இருவருமாக நிகழ்த்திக் காட்டலாம். ஒருவர் கையை எடுத்துவிட்டால் சொல் முடிவு பெறாது. ஆரன்சனின் புதிர்வெட்டு இங்கு எழுத்தளவிலேயே நடந்துவிடுகிறது. கூடுதல் செலவில்லாத, மடிக்கணினி ஒன்று போதுமான இப்பயிற்சி, வண்ணக் காட்சி வில்லைகள் பலவற்றினும் தமிழ்ப் பாடத்திற்கு நெருக்கமானது என்பது நம் துணிபு.

நகரப் பள்ளியையும் தோட்டப்புறப் பள்ளியையும் இணைப்பதற்கும் கருவி உதவக்கூடும். ஈப்போ மாணவருக்கு மங்கு, ஒட்டுப்பால், பெரட்டு, ஆயாக்கொட்டகை என்னும் சொற்கள் இன்று அகராதிச் சொற்களாகக்கூட எஞ்சவில்லை. பாகான் டத்தோவில் பயிலும் மாணவரின் பாட்டிக்கோ அவை வாழ்ந்த வாழ்க்கை. அப்பாட்டியின் பேச்சைத் திறன்பேசியில் பதிந்து, சொல்லுக்கு விளக்கம் எழுதி, இணைப்பு வகுப்பின் ஒன்பது மாணவர்கள் நகரப் பள்ளியின் முப்பத்தைந்து மாணவருக்கு இயங்கலையில் விரித்துரைப்பார்களாயின் ஆசிரியர் யார், மாணவர் யார்? சிறுபள்ளி வழக்கமாகப் பெறும் பக்கத்தில் இருப்பது. இத்தகைய பாடத்தில் அது கொடுக்கும் பக்கத்திற்கு வருகிறது. இணைப்பு தடைப்படும் நாளில் ஒலிப்பதிவைப் புலனம் வழி அனுப்பினாலும் பாடம் நிற்பதில்லை.

இவற்றை எதிர்கால ஆசிரியர் செய்ய வேண்டுமாயின் அவரை மதிப்பிடும் முறையும் மாற வேண்டும். கற்பித்தல் பயிற்சியைப் பார்வையிட வருவோர், பயிற்றுத் துணைப்பொருளாகத் தொழில்நுட்பம் பயன்பட்டதா எனக் கேட்கின்றனர்; பயன்பட்டது என்ற விடைக்குப் புள்ளி கிடைக்கிறது. பாடவேளை அறுபது நிமிடமாயின் அதில் மாணவர் மாணவருக்கு விளக்கிய நிமிடங்கள் எத்தனை, ஒவ்வொருவரும் எதைப் பற்றி விளக்கினார், கருவி யார் கையில் எவ்வளவு நேரம் இருந்தது ஆகிய வினாக்களையும் சேர்த்துக் கேட்பின் பாடத்திட்டம் எழுதப்படும் முறையே மாறிவிடும். இணைப்பு வகுப்புள்ள பள்ளியில் ஒரு பருவமேனும் பயிற்சி பெறும் வாய்ப்பும் ஒவ்வொருவருக்கும் அளிக்கப்பட வேண்டும். தஞ்சோங் மாலிமிலிருந்தும் உலு கிந்தாவிலிருந்தும் அத்தகைய பள்ளிகள் எட்டாத் தொலைவில் இல்லை. பயிற்சிக்கான பள்ளிப் பட்டியலைத் தயாரிப்போர் அடுத்த பருவத்திலேயே இதனைத் தொடங்கலாம்.